நிலாக்காரன் மந்தம், பட்டைக்காரன் முரடு: விண்வெளிச் சமூகத்தில் வட்டாரப் பேச்சு

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 6

பூமியைச் சுற்றும் வளையம், நிலா, செவ்வாய், சிறுகோள் பட்டை என்று மனிதர்கள் பரவி இருநூறு வருடம் ஆன ஒரு சமூகத்தைக் கதைக்காக வரைந்து வருகிறீர்கள். அதில் ஏன் இத்தனை வட்டாரப் பேச்சு? எல்லாரும் ஒரே ஒளிபரப்பைத்தானே பார்ப்பார்கள், ஒரே பாடத்தைத்தானே படிப்பார்கள்? பேச்சு ஒன்றாகிவிடாதா? இன்னொன்று. இந்த மாதிரிக் கதைகளில் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன் மட்டும் கொச்சையாகப் பேசுவான், கப்பல் தலைவர் செய்தி வாசிப்பார். இது என்ன வழக்கம்?

ஜனவரி 6, இரவு

இரண்டாவது கேள்விதான் சுருக்கென்று தைக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். இப்போது முதலாவது மட்டும்.

ஒரே ஒளிபரப்பு என்றால் ஒரே பேச்சு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய டெட்ராய்ட், சிகாகோ, பஃபலோ போன்ற நகரங்களில் உயிரொலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சங்கிலியாக இடம் மாறின. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இருந்த காலத்திலேயே அந்த ஊர்களின் பேச்சு தொலைக்காட்சிப் பேச்சை விட்டு விலகிப் போனது. புதுச் சொல் திரையிலிருந்து சட்டென்று தொற்றிக்கொள்ளும், ஒலி அவ்வளவு எளிதில் தொற்றாது. எதிரே இருப்பவர் சிரிக்க வேண்டும், புருவத்தைத் தூக்க வேண்டும், "என்ன சொன்னே?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் நாக்கு வளையும்.

திரைக்குப் பங்கே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பிள்ளைகள் பற்றி ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனில் நடக்கும் ஒரு தொடரில் மனம் ஒன்றிப் பார்த்தவர்களிடம் லண்டன் மெய்யொலிகள் சில கூடுதலாகவே வந்தன. வெறுமனே பார்த்ததால் வரவில்லை, ஒன்றிப் பார்த்ததால் வந்தது. அப்படியென்றால் செவ்வாய்ப் பிள்ளை யாருடைய தொடரில் மயங்கிக் கிடக்கிறது என்பதையும் நான் முடிவு செய்தாக வேண்டும். வேலை கூடிவிட்டது.

ஜனவரி 7

தூரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நிலாவுக்கு ஒளி போக 1.3 விநாடி, கேள்வி போய்ப் பதில் வர 2.6. செவ்வாய்க்கு ஒரு வழிக்கே 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை, இரண்டு கோள்களும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து. பட்டையிலேயே பெரிய கல்லான சீரிஸ் என்றால் ஒரு வழிக்கு ஏறக்குறைய கால் மணியிலிருந்து அரை மணி. இதில் பேச்சு எங்கே நடக்கும்? குரலில் எழுதிய கடிதம்தான் போய் வரும். "எல்லாரும் இணைந்திருக்கிறார்கள்" என்பது தகவலுக்குப் பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது.

ஜனவரி 7, மறுபடி

காற்று மாறினால் குரல் மாறுமே, அதுவே வட்டார வழக்கு ஆகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாறும். ஹீலியம் கலந்த காற்றை மூச்சிழுக்கும் ஆழ்கடல் முக்குளிப்பவர்களின் பேச்சு புரியாமல் போய், அதைச் சீராக்கவே தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். 1973-74இல் ஆட்கள் தங்கிய ஸ்கைலேப் நிலையத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். குரல் தூரம் போகவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். எடையில்லாத இடத்தில் உடம்பின் நீர் மேலேறி மூக்கடைப்பதும் உண்மை.

ஆனால் இவையெல்லாம் எல்லாரையும் ஒரே மாதிரி மாற்றும். வட்டாரப் பேச்சு என்பது யாரோடு சேர்ந்து நிற்கிறோம் என்பதைக் காட்டுவது. மூக்கடைப்பு எந்தப் பக்கமும் நிற்காது. உயரமான நிலங்களில் ஒரு வகை வெடிப்பொலி அதிகம் என்று கேலப் எவரெட் 2013இல் எழுதினார், இன்றுவரை அதில் சண்டை ஓயவில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை. செவ்வாயின் வெளிக்காற்று பற்றிக் கேட்டவருக்கு: பூமியின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. வெளியே நின்று வாயைத் திறப்பவனுக்கு உச்சரிப்பு கடைசிக் கவலை.

ஜனவரி 9

அப்படியானால் புதுப் பேச்சு எப்படிப் பிறக்கும்? முதல் ஆட்கள் யார், அவர்களுக்குப் பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்பதில்தான் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது.

அண்டார்டிகாவின் ராதெரா நிலையத்தில் குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்த 11 பேரின் குரலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை பதிந்து, ஜொனாதன் ஹாரிங்டனும் கூட்டாளிகளும் 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே குளிர்காலத்தில் உயிரொலிகள் நகரத் தொடங்கியிருந்தன. காதுக்குப் பிடிபடாது, கருவிக்குத்தான் தெரியும். ஆனாலும் திசை தெரிந்தது. சில ஒலிகளில் ஒருவர் மற்றவரை நெருங்கினார்கள். ஓர் ஒலியில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து யாரும் கொண்டுவராத பக்கம் நகர்ந்தது.

பெரியவர்கள் அவ்வளவுதான் மாறுவார்கள். மிச்சத்தைச் செய்வது பிள்ளைகள். நியூசிலாந்தில் 1940களில் ஓர் ஒலிப்பதிவு வண்டி ஊர் ஊராகப் போய், அங்கேயே பிறந்த முதல் தலைமுறை முதியவர்களின் பேச்சைப் பதிந்து வந்தது. பின்னாளில் பீட்டர் ட்ரட்கில் போன்ற மொழியியலாளர்கள் அதைக் கேட்டபோது ஒரே கலவரம். ஒரே ஊரில் வளர்ந்தவர்கள்கூட ஒருவரைப் போல ஒருவர் பேசவில்லை, ஆளாளுக்கு ஒரு கலவை. அதற்கடுத்த தலைமுறையில்தான் அது ஒரே பேச்சாக உறைந்தது.

எனக்கு இந்த நடுத் தலைமுறைதான் பிடித்திருக்கிறது. பட்டையில் பிறந்த முதல் பிள்ளைகளுக்கு "எங்கள் பேச்சு" என்று ஒன்று கிடையாது. அண்ணன் ஒரு மாதிரி, தங்கை ஒரு மாதிரி. வளையத்துக்காரர்கள் அதைக் கேட்டு "இவர்களுக்குப் பேசவே வராது" என்று முத்திரை குத்தியிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் பேச்சு அழகாக இறுகிவிட்டது, முத்திரை மட்டும் பழையதாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. இருநூறு வருடம் தாராளம். அறுபதே போதும்.

ஜனவரி 10

நிஜத்திலேயே விண்வெளியில் உச்சரிப்புக் கிண்டல் நடந்திருக்கிறது. 1975இல் அப்பல்லோவும் சோயுஸும் இணைந்தபோது அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியும் சோவியத் வீரர்கள் ஆங்கிலமும் பேசுவது என்று ஏற்பாடு. அமெரிக்கக் குழுத் தலைவர் ஸ்டாஃபோர்டின் ரஷ்ய மொழியில் ஒக்லஹோமா இழுவை அப்படியே இருந்தது. இங்கே மூன்று மொழி பேசுகிறோம், ரஷ்யம், ஆங்கிலம், ஒக்லஹோம்ஸ்கி என்று சோவியத் குழுத் தலைவர் லியோனவ் அடித்த கிண்டல் பிரபலம். இருநூறு வருடம் காத்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறது.

ஜனவரி 13

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச காலம் செயற்கைக்கோள் இணைப்பு மட்டுமே இருந்த ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். நான் கேட்டு எனக்குப் பதில் வர ஏறக்குறைய அரை விநாடி. அரை விநாடிதானே என்று தோன்றும். கூட்டங்களில் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் மறுபக்கம் யாராவது ஏற்கெனவே பேசத் தொடங்கியிருப்பார்கள். மன்னிப்புக் கேட்டு நிறுத்துவேன், அவர்களும் நிறுத்துவார்கள், இருவரும் மறுபடி சேர்ந்து தொடங்குவோம். கொஞ்ச நாளில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். பின்னாளில் நேரில் சந்தித்தபோது ஒருவர் சொன்னார்: "நீங்க ரொம்ப யோசிச்சுப் பேசற ஆள்னு நெனச்சோம்." இன்னொருவர் அவ்வளவு நாசூக்கு பார்க்கவில்லை. எனக்கு வேலையில் ஈடுபாடு இல்லை என்றுதான் அங்கே பேச்சாம்.

இது என் புலம்பல் மட்டுமல்ல. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி எல்லா மொழிகளையும் சேர்த்துச் சராசரியாக 0.2 விநாடியை ஒட்டியே இருந்தது. மனிதக் காது அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கிறது. கத்ரீன் ஷோனென்பெர்க் குழுவின் 2014 ஆய்வில், தொலைபேசி இணைப்பில் வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள். பேசியவர்கள் இணைப்பைக் குறை சொல்வதற்குப் பதில் எதிரே பேசிய ஆளைக் குறை சொன்னார்கள். கவனம் இல்லாதவர், நட்பாகப் பழகாதவர் என்று.

இப்போது நிலாவை நினைத்துப் பாருங்கள். 2.6 விநாடி. "நிலாக்காரன் மந்தம்" என்ற முத்திரை எங்கிருந்து வந்தது என்று இனி நான் கதையில் விளக்கவே வேண்டியதில்லை. ஈர்ப்பு குறைவு, அதனால் மிதந்து மிதந்து நடக்கிறார்கள், அதனால் மூளையும் மெதுவாம் என்று வளையத்துப் பாட்டிகள் காரணம் சொல்லிக்கொள்ளட்டும்.

ஜனவரி 14

நேற்றையதைப் படித்த ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார்: "தாமதம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே?"

ஆமாம். நிலாவில் இருப்பவனுக்கும் பூமிக்காரன் 2.6 விநாடி திருதிருவென்று விழித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். இரண்டு பக்கமும் மற்றவனை மந்தம் என்றே நினைக்கும். ஆனால் ஒரு பக்கத்துக் கருத்துதான் நகைச்சுவை நிகழ்ச்சியில் வரும், வேலைக்கு ஆள் எடுக்கும் குறிப்பில் வரும், பள்ளிப்பாடத்தில் "நிலா மக்கள் நிதானமானவர்கள்" என்று பவ்வியமாக வரும். மறுபக்கத்துக் கருத்து நிலாவின் உணவுக்கூடத்தைத் தாண்டாது.

இந்தக் கதையில் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பட்டியல் போட்டு முடித்துவிட்டேன், யாருடைய காது சட்டம் என்பதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

ஜனவரி 15

பட்டைக்காரர்களுக்கும் இதையே போட்டுப் பார்த்தேன். பதில் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஆள் எப்படிப் பேசுவான்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வான். எண் போடுவான். வரப்போகும் கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் வைப்பான். "மூணு விஷயம். ஒண்ணு, சரக்கு வரும். ரெண்டு, வரலேன்னா பழைய விலை. மூணு, விலை சம்மதம் இல்லேன்னா திருப்பி அனுப்பிடு. முடிஞ்சுது." வளையத்துக்காரர்களின் கிண்டல்: பட்டைக்காரனிடம் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில், நீ கேட்காததற்கும் சேர்த்து. பட்டையில் பதிலுக்கு என்ன சொல்வார்கள்? வளையத்தான் உன் வாயிலிருந்து பாதிச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போவான்.

ஜனவரி 16

"பட்டைக்குள்ளே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தாமதம் இல்லையே, அவர்கள் ஏன் எண் போட வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. ஆகவே நேற்றையதைச் சுருக்குகிறேன். சாப்பாட்டு மேசையில் யாரும் எண் போடுவதில்லை. கட்டுப்பாட்டு அறை ஆட்கள்தான் போடுகிறார்கள். வளையம் காதால் கேட்ட பட்டைக்காரர்கள் அவர்கள் மட்டும்தான். ஒரு தொழிலின் பேச்சு ஒரு மக்கள் கூட்டத்தின் குணமாகிவிட்டது.

பக்கத்துக் கல் பத்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதற்கே ஒளி போக 3 விநாடிக்கு மேல். அண்டைவீட்டுச் சண்டைகூட அங்கே சுவாரசியமாக நடக்காது.

ஜனவரி 18

இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன். வழக்கமாக எப்படி எழுதுகிறார்கள்?

"உங்கள் ஆவணங்களைக் காட்டுங்கள்" என்றார் அதிகாரி.
"அல்லாம் கீது, பாத்துக்கோ" என்றான் சுரங்கக்காரன்.

தமிழ் படிப்பவர் எல்லாருக்கும் இரண்டாவது யாருடைய பேச்சு என்று தெரியும். நிஜ மனிதர்கள் பேசுவதை எடுத்து, அவர்கள்மேல் ஏற்கெனவே இருக்கும் இளக்காரத்தையும் சேர்த்து, வேறு உலகத்து முரடனின் வாயில் போட்டாயிற்று. கற்பனைக்கு ஒரு செலவும் இல்லை. இன்னொன்று இதைவிடப் பெரிது. அதிகாரியும் நிஜத்தில் "காட்டுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு எழுத்துத் தமிழ், இவனுக்கு ஒலிப்படி எழுத்து. இரண்டு பேரும் பேச்சுத் தமிழ்தான் பேசுகிறார்கள், ஒருவனுடையது மட்டும் "பேச்சு" என்று காட்டப்படுகிறது. முத்திரை பாத்திரத்தின் வாயில் இல்லை, எழுதுகிறவரின் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது.

என் வரைவில் அதே காட்சியைப் பட்டைக்காரியின் காதுக்கு மாற்றிப் பார்த்தேன்:

"ஆவ்ணம்" என்றாள் வளையத்து அதிகாரி. நடு எழுத்தை முழுங்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவினாள். நான் முதல் விஷயத்தை முடிக்கவில்லை, அதற்குள் "சரி சரி" என்றாள். எதுக்கு "சரி"? இந்த வளையத்துக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான், பின்னாலே யாரோ விரட்டுகிற மாதிரி.

பட்டைக்காரியும் அநியாயமாகத்தான் பேசுகிறாள், பேசட்டும். எழுத்துப்பிழைபோல் எழுதாமல், யார் எங்கே நிறுத்துகிறார்கள், யார் குறுக்கிடுகிறார்கள், யார் யாரை "நீ" என்கிறார்கள் என்பதை வைத்தே நான்கு ஊர்களையும் பிரித்துவிட முடியும் போலிருக்கிறது. நண்பர் ஒருவர் பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை வாசித்தார். வளையத்தையும் பட்டையையும் சரியாகப் பிரித்தார். செவ்வாயை நிலா என்றார். செவ்வாய்க்கு இன்னும் உழைக்க வேண்டும்.

ஜனவரி 19

நம் இலக்கணக்காரர்கள் இந்த விளையாட்டில் நமக்கு மூத்தவர்கள். தொல்காப்பியம் செந்தமிழ் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களின் திசைச்சொல்லை, அதாவது வட்டாரச் சொல்லைப் பேசுகிறது. அந்தச் செந்தமிழ் நிலத்துக்கு உரையாசிரியர்கள் எல்லையே கட்டினார்கள்: வையை ஆற்றின் வடக்கு, மருத ஆற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு. திசைச்சொல்லைத் தள்ளவில்லை, செய்யுளில் வரலாம் என்று இடம் கொடுத்தார்கள், அது பெரிய மனசு. ஆனாலும் நடு இது, திசை அது என்று கோடு போட்டாயிற்று. என் வளையத்துக்காரர்களிடம் இப்படி ஒரு வரைபடம் கட்டாயம் இருக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் வளையத்துக்கு வடக்கு கிழக்கை எப்படிக் குறிப்பார்கள் என்பது அவர்கள் பாடு.

ஜனவரி 24

"பட்டைக்காரர்கள் தங்கள் பேச்சைப் பெருமையாகத்தானே நினைப்பார்கள்?" என்று ஒருவர். பாதிப் பேர் நினைப்பார்கள்.

1960இல் மான்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட் குழு, இரு மொழியும் சரளமாகப் பேசும் ஆட்களை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்க வைத்தது. கேட்டவர்களுக்கு ஒரே ஆள் என்று தெரியாது. ஆங்கிலக் குரலுக்கு அறிவு, நம்பகம், உயரம்கூட அதிகம் என்று மதிப்பெண் விழுந்தது. பிரெஞ்சு பேசுகிற அந்த ஊர்க்காரர்களே பிரெஞ்சுக் குரலுக்குக் குறைத்துப் போட்டார்கள் என்பதுதான் அதில் கசப்பான பகுதி. ஆகவே பட்டையிலிருந்து வளையத்துக்கு வேலைக்குப் போனவள், புதிதாக வரும் தன் ஊர்ப்பையனைப் பார்த்து "வாயைத் திறக்காதே, நான் பேசறேன்" என்பாள். அந்த வரியை எழுதிவிட்டேன்.

காது எவ்வளவு ஏமாறும் என்பதற்கு இன்னும் இரண்டு. நான்சி நீட்ஸியல்ஸ்கி 1999இல் டெட்ராய்ட் ஆட்களுக்கு டெட்ராய்ட் குரலையே போட்டுக் காட்டினார். தாளில் "கனடா" என்று எழுதியிருந்தால் கனடா உயிரொலி கேட்டது, "மிஷிகன்" என்றிருந்தால் கேட்கவில்லை. ஜென்னிபர் ஹேயும் கேட்டி டிரேகரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் தாள்கூட இல்லை. நியூசிலாந்தில் சோதனை அறையில் கங்காரு, கோலா பொம்மைகள் இருந்ததா, கிவி பொம்மைகள் இருந்ததா என்பதைப் பொறுத்தே கேட்டவர்களின் காது மாறியது. பொம்மை! என் சுங்கச் சாவடிக் காட்சிக்கு இனி ஆராய்ச்சி வேண்டாம். கடவுச்சீட்டில் "பட்டை" என்று பார்த்த பிறகு அதிகாரியின் காதில் எதைச் சொன்னாலும் பட்டையாகத்தான் விழும்.

பிப்ரவரி 2

தங்கள் பேச்சைப் பெருமையாக நினைக்கும் பாதி இனி. மொழியியலாளர் வில்லியம் லபோவ் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவு பற்றி 1963இல் எழுதியது. கோடையில் பணக்காரர்கள் வந்து தீவை வாங்கிக்கொண்டிருந்தபோது, இங்கேயே இருப்போம் என்று முடிவெடுத்த நடுவயது மீனவர்களிடம்தான் பழைய தீவு உயிரொலி மற்றவர்களைவிட அழுத்தமாக இருந்தது. வெளியூர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் அதில் உண்டு.

ஆக அந்தப் பையன் வளையத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஊர் திரும்பியதும் தாத்தாவைவிடக் கெட்டியாகப் பட்டைப் பேச்சு பேசுவான். சாப்பாட்டு மேசையில்கூட எண் போடுவான். தாத்தாவுக்கே சிரிப்பு வரும்.

பிப்ரவரி 3

காதில் மாட்டும் மொழிபெயர்ப்பான் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்டவருக்கு: அந்தக் கருவி யார் பேச்சைக் கேட்டு வளர்ந்தது? ஐந்து நிறுவனங்களின் பேச்சுணரிகளை (பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளை) வைத்து 2020இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சொற்பிழை சராசரி 19 சதவீதம், கறுப்பினத்தவர் பேச்சில் 35.

இதிலிருந்து எனக்கு ஒன்று கிடைத்தது. பட்டையில் உள்ள காற்றடைப்புக் கதவுகள் எல்லாம் வளையத்தில் செய்தவை. வளையத்துப் பேச்சில் சொன்னால்தான் திறக்கும். அதனால் பட்டைப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே "கதவுப் பேச்சு" பழகிவிடுகிறார்கள். மனிதர்களிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வளையத்திலிருந்து முதன்முதலாக ஒரு விருந்தாளி வந்து வாயைத் திறந்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெரியவர்களுக்கு அடக்கத் தெரியவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் எங்கோ ஒரு கதவு திறக்கிறது.

அடுத்த அத்தியாயம் அதுதான். செவ்வாய்க்காரர்களுக்கு என்ன கொடுப்பது என்று யோசனை இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், மூக்கடைப்பு மட்டும் வேண்டாம்.